காசியில் யார் கூட்டுகிறார்கள்?



நினைவுச் சொற்பொழிவு என்றால் ஒரு கோட்பாட்டைப் பற்றியோ ஒரு நூலைப் பற்றியோ பேசுவது வழக்கம். காரமடையில், ஒரு தலித் இலக்கிய மேடையில், காசி யாத்திரையைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று நான் சொன்னபோது அமைப்பாளர்களே சற்றுத் தயங்கினார்கள். ஆனால் இன்று நாம் நினைவுகூரும் தோழருக்கு ஒரு பழக்கம் இருந்தது. உங்களில் பலருக்குத் தெரியும். யாராவது ஓர் ஊருக்குப் போய்வந்தேன் என்றால், கோயில் எப்படி, சாப்பாடு எப்படி என்று கேட்க மாட்டார். அந்த ஊர்ச் சாக்கடை எங்கே போய்ச் சேருகிறது, சுடுகாடு எந்தத் திசையில் இருக்கிறது என்றுதான் கேட்பார். அவர் இருந்திருந்தால் என்னிடமும் அதையே கேட்டிருப்பார். இந்த உரையை அவருக்குச் சொல்லும் பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

காசிக்குப் போக ஆசைப்பட்டது நானல்ல, என் அம்மா. அவர் ஒரு நகராட்சியில் இருபத்தேழு வருடம் துப்புரவு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆடி அமாவாசை, தை அமாவாசைக்கு மறுநாள் விடியற்காலையில் பவானி ஆற்றங்கரையைச் சுத்தம் செய்யும் கூட்டத்தில் ஒவ்வொரு வருடமும் அவர் இருந்தார். வாழை இலை, எள், பிண்டச் சோறு, உடைந்த மண்சட்டி, முங்கி எழுந்தவர்கள் ஆற்றிலேயே விட்டுப்போன வேட்டி, சேலை. நனைந்த துணியை இழுத்துக் கரை சேர்ப்பதுதான் அதில் கடினமான வேலை என்பார். மற்றவர்களுடைய முன்னோர் கரையேற, அம்மா அவர்களுடைய துணியைக் கரையேற்றிக்கொண்டிருந்தார். ஓய்வுபெற்ற பிறகு ஒருநாள் சொன்னார்: "அத்தன பேரும் காசி காசிங்கறாங்களே, அங்க யாரு கூட்டறாங்கன்னு ஒருக்கா பாத்துப்போட்டு வரோணும் கண்ணு."

கோவையிலிருந்து அழைத்துப்போகும் ஒரு யாத்திரைக் குழுவில் பணம் கட்டினோம். முப்பத்தெட்டுப் பேர், ஒன்பது நாள். அதில் காசிக்கு ஒன்றரை நாள்.

காசிக்குப் போவதற்கு முன்பே ரயிலில் நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நம் பகுதி அருந்ததியர் வீடுகளில் தெலுங்கு பேசுவது இங்கே யாருக்கும் புதிதல்ல. அம்மாவும் நானும் தெலுங்கில் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்ட எதிர் இருக்கை அம்மா, "நீங்க நாயுடுங்களா அம்மணி?" என்று கேட்டார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. கொங்கில் ஒருவரோடு பேச்சைத் தொடங்க வேண்டுமானால் அவரை எங்கே வைப்பது என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான், "காரமடைப் பக்கமுங்க" என்றேன். கேள்விக்கு அது பதில் இல்லை. ஆனால் பதிலாக எடுத்துக்கொள்ளப்பட்டது. நாக்பூர் தாண்டுவதற்குள் அம்மா 'நாயுடம்மா' ஆகிவிட்டார். அந்த அம்மா எங்களோடு சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துவைத்துச் சாப்பிட்டார், ஊறுகாய் கொடுத்தார், அம்மாவின் கால்வலிக்குத் தைலம் தேய்த்துவிட்டார். இருபது வருடமாக மேடைகளில் சாதி ஒழிப்புப் பேசுகிற நானும் அதைத் திருத்தவில்லை. இதை இன்று உங்கள் முன் சொல்லலாமா வேண்டாமா என்று நேற்று இரவுவரை யோசித்தேன்.

எங்களுக்கு வழிகாட்டியாக வந்தவர் அனுமன் படித்துறைப் பகுதியில் சில தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்தவர். பொறுமையான மனிதர். மாலையில் எல்லோரையும் ஒரு மோட்டார் படகில் ஏற்றினார். அவர் சொன்ன முதல் செய்தி, கங்கை காசியில் வடக்கு நோக்கி ஓடுகிறது என்பது. ஊர் முழுவதும் மேற்குக் கரையில். தெற்கே அசி முதல் வடக்கே வருணை வரை எண்பத்து நான்கு படித்துறைகள். எதிர்க்கரை வெறும் மணல். சூரியன் எதிர்க்கரையில் எழுவதால், படிக்கட்டு முழுவதும் காலை வெயில் விழும். பார்ப்பதற்கு அழகான ஊர்தான், அதை மறுக்க மாட்டேன்.

தமிழர்களுக்கென்று அவரிடம் தனிப் பாடம் ஒன்று இருந்தது. கேதார படித்துறையைக் காட்டி, பதினேழாம் நூற்றாண்டில் குமரகுருபரர் அங்கே மடம் அமைத்ததைச் சொன்னார். நகரத்தார் சத்திரத்தைச் சொன்னார். சிறுவயதில் பாரதி அத்தை வீட்டில் தங்கிப் படித்த அனுமன் படித்துறையைச் சொன்னார். 2022 நவம்பர், டிசம்பரில் அரசு நடத்திய காசித் தமிழ்ச் சங்கமத்தைச் சொன்னார். எல்லாம் உண்மை. ஆனால் காசிக்கு வந்த தமிழர்களில் அவர் பட்டியலில் இல்லாத ஒருவர் நம் ஈரோட்டுக்காரர். 1904-இல் வீட்டைவிட்டுக் காசிக்கு வந்த ஈ.வெ. ராமசாமி, பிராமணர்களுக்கு மட்டும் உணவு என்று சத்திரத்திலிருந்து வெளியே தள்ளப்பட்டு, பசி தாளாமல் எச்சில் இலையில் சாப்பிட்ட கதை தமிழ்நாட்டில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். படகில் இருந்த முப்பத்தெட்டுப் பேரில் முப்பது பேருக்காவது தெரிந்திருக்கும். யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

படகோட்டிகளைப் பற்றி வழிகாட்டி எதுவும் சொல்லவில்லை. மல்லா, நிஷாத் என்று அழைக்கப்படும் சமூகத்தவர்கள். ஆறு இவர்கள் கையில் இருந்தது. 2018-இல் சொகுசுக் கப்பல் விடப்பட்டபோது வாழ்வாதாரம் போகிறது என்று போராடினார்கள். எங்கள் படகை ஓட்டிய பையன் யாரோடும் பேசாமல் கைப்பேசியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டு வந்தான்.

அரிச்சந்திர படித்துறை அருகே படகு மெதுவாகப் போனது. நான்கைந்து சிதைகள் எரிந்துகொண்டிருந்தன. மேலே மின்தகன மேடையின் கட்டடம். வழிகாட்டி அரிச்சந்திரன் கதையைத் தொடங்கினார். எங்கள் குழுவில் அவரைவிட நன்றாக அந்தக் கதை தெரிந்தவர்கள் பத்துப் பேர் இருந்தார்கள். மயான காண்டம் பார்க்காத கொங்குக் கிராமம் உண்டா? சத்தியம் தவறாத அரசன் மனைவியையும் மகனையும் விற்று, கடைசியில் தன்னையே சுடுகாட்டுத் தலைவனிடம் விற்கிறான். நாம் அந்தத் தலைவனை வீரபாகு என்கிறோம். காசியில் கல்லு டோம் என்கிறார்கள். இன்றும் பிணம் எரிக்கும் டோம் சமூகத்தவர் அவரைத் தங்கள் முன்னோர் என்கிறார்கள்.

தமிழ்நாட்டின் பல சுடுகாடுகளில் அரிச்சந்திரன் பெயரில் ஒரு கல்லோ சிறு கோயிலோ இருக்கும். பாடையை அங்கே இறக்கிவைத்து, மயான வேலை செய்பவர் பாடி, காசு வாங்கிய பிறகுதான் உள்ளே விடுவார். அந்தக் கதை அவருக்கு ஒரு கௌரவத்தைக் கொடுக்கிறதாம்: நீ செய்வது அரசன் செய்த வேலை. ஆனால் கதையைக் கொஞ்சம் கூர்ந்து பாருங்கள். அரசனுக்கு நேரக்கூடிய துன்பங்களிலேயே பெரிய துன்பம் எது? நம்மைப் போல் ஆகிவிடுவது. சோதனை முடிந்ததும் தேவர்கள் வந்து அவனை அரசாட்சிக்குத் திருப்பி அனுப்புகிறார்கள். மார்க்கண்டேய புராணத்தில், அவனை வாங்கிய சண்டாளனும் உண்மையில் சண்டாளன் இல்லை, வேடமிட்டு வந்த தர்ம தேவதை. ஆக, மேடை காலியாகும்போது உண்மையான மயானத் தொழிலாளி மட்டும் கையில் கோலோடு அங்கேயே நிற்கிறான். அவனைக் கூட்டிப்போகத் தேவர் எவரும் வருவதில்லை. அயோத்திதாசப் பண்டிதர் இந்தக் கதைக்கு மறுப்பாக 'அரிச்சந்திரன் பொய்கள்' என்று தலைப்பிட்டே எழுதினார். நூறு ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. நம் சுடுகாட்டுக் கல் இன்னும் அப்படியே இருக்கிறது.

மணிகர்ணிகையை நெருங்கும் முன் வழிகாட்டி ஒரு வீட்டைக் காட்டினார். மாடியின் மேல் இரண்டு புலிச் சிலைகள். "இதுதான் டோம் ராஜா வீடு. காசியில ராஜான்னா காசி ராஜாவும் இவரும்தான். பெரிய பெரிய மகாராஜா செத்தாலும் இவர்கிட்டதான் நெருப்பு வாங்கணும். இங்க சாதியெல்லாம் கிடையாதுங்க" என்றார். படகில் இருந்தவர்கள் கைகூப்பினார்கள்.

அதைப் பற்றித்தான் மாணவர்களிடம் கொஞ்சம் நிதானமாகப் பேச நினைக்கிறேன். சாதியை மறைக்க இரண்டு வழி உண்டு. ஒன்று, பேசாமல் விடுவது. இன்னொன்று, புகழ்வது. இரண்டாவதைக் கண்டுபிடிப்பது கடினம், ஏனென்றால் புகழப்படுபவருக்கே அது பிடித்துப்போய்விடும்.

நெருப்பின் மீது டோம்களுக்குப் பரம்பரை உரிமை இருப்பது உண்மை. மணிகர்ணிகையில் அணையாமல் காக்கப்படும் நெருப்பிலிருந்துதான் சிதைக்குத் தீ எடுக்கப்படுகிறது. அதற்குக் கட்டணம் உண்டு. அந்த உரிமை 'பாரி' எனப்படும் முறைநாள்களாகக் குடும்பங்களுக்குள் பங்கிடப்பட்டிருக்கிறது. ஜோனதன் பாரி என்ற மானுடவியலாளர் பல ஆண்டுகள் காசியில் ஆய்வு செய்து 1994-இல் வெளியிட்ட 'டெத் இன் பனாரஸ்' என்ற நூலில் இதை விரிவாக எழுதியிருக்கிறார்; சமூகவியல் மாணவர்கள் தேடிப் படிக்க வேண்டும். நிலத்தைப் போலவே முறைநாளும் தலைமுறைக்குத் தலைமுறை துண்டு துண்டாகிறது. சிலருக்கு நிறைய நாள், பலருக்கு வருடத்தில் ஓரிரு நாள்கூட இல்லை. அவர்கள் மற்றவர்களின் முறைநாளில் கூலிக்குப் பிணம் எரிக்கிறார்கள். புலி வைத்த வீடு ஒன்றுதான். அந்த ஒரு வீட்டைத்தான் படகு காட்டுகிறது.

சரி, அந்தப் புலி வீட்டுக்காரராவது ராஜாவா? 2019 மக்களவைத் தேர்தலில் பிரதமரின் வேட்புமனுவை முன்மொழிந்தவர்களில் டோம் ராஜா ஜக்தீஷ் சவுத்ரி ஒருவர். 2020-இல் அவர் மறைந்தார். 2021-இல் மறைவுக்குப் பின் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. ஒரு டோமுக்குக் கிடைத்த அந்த மரியாதையை நான் இழிவாகப் பேச மாட்டேன். அந்த வீட்டுப் பிள்ளைகள் அந்தப் பதக்கத்தைப் பார்த்து நிமிர்ந்து நின்றிருப்பார்கள். என் கேள்வி வேறு. பதக்கம் அவர் செய்யும் வேலையை அவர் சாதியிலிருந்து பிரித்ததா, இன்னும் இறுக்கிக் கட்டியதா? அதே 2019 பிப்ரவரியில், அதே கங்கையின் மேற்புறத்தில், பிரயாக்ராஜ் கும்பமேளாவில் துப்புரவுப் பணியாளர் ஐவரின் கால்களைப் பிரதமர் கழுவினார். கொரோனா காலத்தில் நம் ஊர்களிலும் மாலை போட்டார்கள், பாத பூஜை செய்தார்கள். 'துப்புரவு' போய் 'தூய்மைப் பணியாளர்' என்று பெயர் வந்தது. 2022 அக்டோபரில் கோவை மாநகராட்சியின் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்கள் மாலை கேட்கவில்லை. மாவட்ட ஆட்சியர் நிர்ணயித்த தினக்கூலியையும் பணி நிரந்தரத்தையும்தான் கேட்டார்கள்.

சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமல்ல, வேலை செய்பவர்களையே பிரித்து ஒருவர் மேல் ஒருவராக அடுக்கும் ஏற்பாடு என்று அம்பேத்கர் 1936-லேயே விளக்கிவிட்டார். டோம் ராஜாவின் நெருப்பு அதற்கு நல்ல உதாரணம். ஏகபோக உரிமைதான், ஆனால் அந்த உரிமையை வேறு யாரும் விரும்புவதில்லை. போட்டியில்லாத ஏகபோகம்! படகில் கைகூப்பிய யாராவது தன் பிள்ளைக்கு அந்த ராஜபதவியைக் கேட்பார்களா? 2015-இல் வந்த 'மசான்' இந்திப் படத்தை மாணவர்கள் பார்த்திருக்கலாம். நீரஜ் கய்வான் இயக்கியது. கான் திரைப்பட விழாவில் பரிசு பெற்றது. அதில் வரும் டோம் வீட்டுப் பையன் பொறியியல் படிப்பதே அந்த நெருப்பிலிருந்து தப்பிக்கத்தான்.

அம்மா இதையெல்லாம் பேசவில்லை. அவர் சிதையருகே நின்ற ஆளையே பார்த்துக்கொண்டிருந்தார். சட்டையில்லாமல், ஒரு நீள மூங்கிலால் பாதி வெந்த உடலை மடக்கித் தீக்குள் தள்ளிக்கொண்டிருந்தார் அவர். கீழே தண்ணீருக்குள் முழங்கால்வரை இறங்கி இருவர் சாம்பலைச் சலித்துக்கொண்டிருந்தார்கள். பல் தங்கமோ மூக்குத்தியோ கிடைத்தால் அவர்களுக்கு. "கைக்கு உறை இல்ல, காலுக்குச் செருப்பு இல்ல. கண்ணு எரியாதா?" என்றார் அம்மா. வேலை தெரிந்தவரின் கண். 2021 ஏப்ரல், மே மாதங்களில் இதே படிகளில் இரவு பகலாகச் சிதை எரிந்தபோதும் இதே கைகள்தான்.

பாரி எழுதியதில் இன்னொன்று: சாவுச் சடங்கு செய்யும் மகாபிராமணர்கள் பிராமணர்களாக இருந்தும், மற்ற பிராமணர்களால் தீண்டத்தகாதவர்களைப் போல நடத்தப்படுகிறார்கள். தீட்டு என்பது அழுக்கில் இல்லை, வேலையில் இருக்கிறது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? ஆனாலும் மகாபிராமணரை யாரும் சாக்கடைக்குள் இறக்குவதில்லை. அந்த வித்தியாசத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

எரிவதில் சாதியில்லை என்று வழிகாட்டி இரண்டு முறை சொன்னார். நம் தமிழ்நாட்டிலேயே 2019 ஆகஸ்டில், வாணியம்பாடி அருகே பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து ஒரு தலித்தின் உடலைக் கயிறு கட்டி இறக்கினார்கள். சுடுகாட்டுக்குப் போகும் வழி சாதி இந்துக்களின் நிலத்தில் இருந்ததால். அதே ஆண்டு டிசம்பர் 2 விடியற்காலையில், இந்த அரங்கிலிருந்து சிறிது தூரத்தில், மேட்டுப்பாளையம் நடூரில் மதில் சுவர் விழுந்து பதினேழு பேர் செத்தார்கள். அத்தனை பேரும் நம்மவர்கள். சாவுக்குச் சாதி தெரியாது என்பவர்களை நடூருக்குக் கூட்டிவர வேண்டும்.

கங்கா ஆரத்தி முடிந்து விடுதிக்குத் திரும்பினோம். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை; தொலைக்காட்சியில் பார்ப்பதுதான்.

மறுநாள் காலை நாலரைக்கு அம்மா என்னை எழுப்பினார். குழு நீராடப் போவதற்கு முன் நாங்கள் இருவர் மட்டும் படித்துறைக்குப் போனோம். முந்தைய இரவின் மாலைகள், இலைத் தொன்னைகள், நெய் விளக்குகள், பிளாஸ்டிக் குப்பிகள். ஐந்தாறு பேர் கூட்டிக்கொண்டிருந்தார்கள், மூன்று பேர் பெண்கள். அம்மா ஒரு பெண்ணின் கையிலிருந்த விளக்குமாற்றை வாங்கிப் பார்த்தார். குட்டையான பிடி, குனிந்துதான் கூட்ட வேண்டும். தன் இடுப்பைத் தட்டிக் காட்டினார் அம்மா. அந்தப் பெண் சிரித்துக்கொண்டே தன் இடுப்பைத் தட்டினார். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் சம்பளம் யார் தருகிறார்கள் என்று கேட்டேன். "தேக்கேதார்" என்றார். ஒப்பந்தக்காரர். அம்மாவுக்கு மொழிபெயர்க்கத் தேவைப்படவில்லை, என் முகத்திலேயே புரிந்துகொண்டார்.

எட்டு மணிக்கு விசுவநாதர் கோயில் வரிசை. புது வளாகம் 2021 டிசம்பரில் திறக்கப்பட்டது. அகலமாக, வெளிச்சமாக, வணிக வளாகத்தைப் போல இருக்கிறது. அம்மா வரிசையில் நின்று சாமி பார்த்தார். நான் மனதுக்குள் வேறு கணக்குப் பார்த்தேன். 1950-களில் தலித்துகள் இந்தக் கோயிலுக்குள் நுழைந்தபோது, இனி இது புனிதம் இழந்த கோயில் என்று கர்பாத்ரி சுவாமிகள் வேறொரு விசுவநாதரை நிறுவினார். உரிமை கிடைத்தவுடன் புனிதம் இடம் மாறிப்போகும் என்பதை நாம் நம் ஊர்க் கோயில்களிலும் பார்த்திருக்கிறோம். 1978 ஜனவரியில், அப்போது பாதுகாப்பு அமைச்சராக இருந்த ஜகஜீவன்ராம் இதே காசியின் சமஸ்கிருதப் பல்கலைக்கழகத்தில் சம்பூர்ணானந்தின் சிலையைத் திறந்துவைத்தார். அவர் போன பிறகு சிலையைக் கங்கை நீரால் கழுவினார்கள். நாட்டின் இராணுவம் முழுவதும் அவர் பொறுப்பில் இருந்தது. ஒரு செம்பு தண்ணீரைத் தடுக்க முடியவில்லை.

பத்து மணிக்குப் பட்டுக்கடை. வழிகாட்டிகள் எல்லா ஊரிலும் ஒரு கடைக்குக் கூட்டிப்போவார்கள், காசியில் அது பனாரஸ் பட்டு. அந்தப் பட்டை நெய்பவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம் அன்சாரிகள். கபீரும் ஜுலாகா என்ற நெசவாளர் குலத்தவர். காசியில் செத்தால் மோட்சம், மகஹரில் செத்தால் கழுதைப் பிறவி என்று ஊர் சொன்னதால், சாவதற்கென்றே காசியை விட்டு மகஹருக்குப் போனவர் அவர் என்பது மரபு. தறியைக் காட்டாமல் சேலையை மட்டும் காட்டினார்கள். குழு கடையில் உட்கார்ந்தது, மூன்று மணி நேரம் ஆகும் என்று தெரிந்தது. நானும் அம்மாவும் ஓர் ஆட்டோ பிடித்தோம்.

காசியின் தெற்கே, இந்துப் பல்கலைக்கழகத்துக்கு அப்பால், சீர் கோவர்தன்பூர். எங்கள் பயணத் திட்டத் தாளில் அந்தப் பெயர் இல்லை. பதினைந்தாம், பதினாறாம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த சந்த் ரவிதாஸ் பிறந்த இடமாகப் போற்றப்படும் ஊர். சமார் குலம், தோல் வேலை. அவருடைய பாடல்கள் சுமார் நாற்பது, சீக்கியரின் குரு கிரந்த் சாகிபில் இடம்பெற்றிருக்கின்றன. அவர் பாடிய ஊர்களில் ஒன்றின் பெயர் 'பேகம்புரா': துக்கமில்லாத ஊர். அங்கே வரி இல்லை, பயம் இல்லை, இரண்டாம் குடி மூன்றாம் குடி என்று இல்லை, யாரும் எங்கும் தடையின்றி நடக்கலாம். யோசித்துப் பாருங்கள். மோட்சம் கொடுக்கும் ஊர் என்று உலகமே தேடி வந்த நகரத்தின் ஓரத்தில் உட்கார்ந்து செருப்புத் தைத்தவர், தனக்கு வேறொரு ஊர் வேண்டும் என்று பாடியிருக்கிறார்.

இங்குள்ள கோயிலுக்கு 1965-இல் அடிக்கல் நாட்டியவர்கள் பஞ்சாபின் ஜலந்தர் பக்கத்து தேரா சச்கண்ட் பல்லானைச் சேர்ந்தவர்கள். இங்கிலாந்து, கனடா என்று கூலிக்குப் போன பஞ்சாப் தலித்துகளின் காசில் எழும்பிய பொன் கலசங்கள். 2009-இல் வியன்னாவில் அவர்களுடைய குரு ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டு, 2010 ஜனவரியில், இதே காசியில் 'ரவிதாசியா' தனி மதம் என்று அறிவித்தார்கள். மதம் ஒன்றை விட்டு இன்னொரு மதம் என்பதில் எனக்குச் சில கேள்விகள் உண்டு; இன்றைக்கு அது வேண்டாம். ஆண்டுதோறும் மாகப் பௌர்ணமியன்று அவர் பிறந்தநாளுக்கு ஜலந்தரிலிருந்து தனி ரயில் வரும். அதன் பெயர் பேகம்புரா எக்ஸ்பிரஸ். நம் காரமடை அரங்கநாதர் தேரும் மாசி மகத்தில்தான். சில ஆண்டுகளில் இரண்டும் ஒரே நாளில் வந்துவிடும். 2024-இல் பிப்ரவரி 24. இங்கே பந்தசேவையும் தண்ணீர் சேவையும் நடந்துகொண்டிருந்த அதே பௌர்ணமியில், அங்கே ஒரு செருப்புத் தொழிலாளிக்கு லட்சக்கணக்கானோர் கூடியிருந்தார்கள் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

வாசலில் படம் விற்றார்கள். ரவிதாஸ் மரத்தடியில் உட்கார்ந்து செருப்புத் தைக்கிறார். பக்கத்தில் தோல் அறுக்கும் கத்தி, குத்தூசி, தண்ணீர்ச் சட்டி. அம்மா அந்தப் படத்தைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார். என் தாத்தா கவலை இறைக்கும் பறிக்குத் தோல் தைத்துக் கொடுத்தவர்; களத்து மேட்டில் கிடைக்கும் தானியம்தான் கூலி. "எங்கப்பன் வெச்சிருந்த கத்தி மாதரயே இருக்குது" என்றார். சாமிப் படம் ஒன்றில் தன் வீட்டுச் சாமான்களை அம்மா பார்த்தது அதுதான் முதல்முறை. அறுபத்து மூன்று வயதில்.

உள்ளே எல்லோருக்கும் சாப்பாடு. தரையில் வரிசையாக உட்கார்ந்தோம். பக்கத்தில் ஒரு பஞ்சாபிப் பாட்டி, எந்த ஊர் என்று கேட்டிருக்க வேண்டும். நான் தமிழ்நாடு என்றேன். அவர் மேலும் ஏதோ கேட்டார், எனக்குப் புரியவில்லை. அம்மா அவருக்குப் படத்தைத் திருப்பிக் காட்டினார். ரவிதாஸின் கையிலிருந்த செருப்பைத் தொட்டார், பிறகு தன் நெஞ்சைத் தொட்டார். பாட்டி உரக்கச் சிரித்து, பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, அம்மாவின் தட்டில் இன்னும் இரண்டு ரொட்டி வைக்கச் சொன்னார். ஒன்பது நாள் பயணத்தில் நாங்கள் யார் என்று அம்மா சொன்னது அந்த ஒரு இடத்தில்தான், அதுவும் ஒரு வார்த்தையும் பேசாமல்.

பிற்பகல் குழுவோடு சாரநாத். ஊரிலிருந்து பத்து கிலோமீட்டர். நாற்பது நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். புத்தர் தன் முதல் உரையை ஐந்து பேருக்குச் சொன்ன இடம். தமேக் தூபி நாற்பது மீட்டருக்கு மேல் நிற்கிறது. அதன் அருகில் வட்டமான செங்கல் அடித்தளம் ஒன்று மட்டும் தரையோடு கிடக்கிறது. அது தர்மராஜிகத் தூபி இருந்த இடம். 1794 வாக்கில் காசி அரசின் திவான் ஜகத் சிங் தன் பெயரில் ஒரு சந்தை கட்டச் செங்கல் வேண்டுமென்று அதை இடித்தார். உள்ளே கல்பெட்டி, அதற்குள் பச்சைப் பளிங்குச் சிமிழ், அதற்குள் எலும்புகள். அந்த எலும்புகளைக் கங்கையில் வீசினார்கள். அவை புத்தருடையவையாகவே இருக்கலாம் என்று கருதுவோர் உண்டு. பெருமைக்குரிய ஆற்றில் எலும்பு கரைப்பது புண்ணியம்தானே என்று நல்ல எண்ணத்தில்கூடச் செய்திருப்பார்கள். ஒரு மரபை அழிக்க அதைவிட மரியாதையான வழி கிடையாது. நம் வழிகாட்டி இதைச் சொல்லவில்லை. புத்தர் விஷ்ணுவின் ஒன்பதாவது அவதாரம் என்று மட்டும் சொன்னார்.

1956 நவம்பர் இறுதியில், காத்மாண்டு பௌத்த மாநாட்டிலிருந்து திரும்பும் வழியில் அம்பேத்கர் காசிக்கு வந்தார். இந்துப் பல்கலைக்கழகத்திலும் காசி வித்யாபீடத்திலும் மாணவர்களிடம் பேசினார். சாரநாத்துக்கும் போனார். நாகபுரியில் தம்மம் ஏற்று ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. உடல் தளர்ந்திருந்தது, டிசம்பர் 6-ஆம் தேதி இறந்துவிட்டார். அவருடைய கடைசிப் பயணங்களில் ஒன்று நம் பேருந்து நாற்பது நிமிடம் நின்ற இடத்துக்கு. புல்தரையில் உட்கார்ந்து இதை அம்மாவுக்குச் சொன்னேன். எதிர் இருக்கை அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். நான் அம்பேத்கர் பெயரைச் சொன்ன விதத்தில் அவருக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும். அன்று இரவு ரயிலில் அவர் வேறு இருக்கைக்கு மாறிக்கொள்ளவில்லை. ஆனால் 'நாயுடம்மா' என்றும் கூப்பிடவில்லை. ஊர் வரும்வரை 'ஏனுங்கம்மா' என்றே கூப்பிட்டார். அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

படம் இப்போது எங்கள் வீட்டுக் கூடத்தில், அம்பேத்கர் படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. ரவிதாஸை நாம் தமிழில் படிக்க வேண்டும், மாசி மகத்தன்று இந்த அரங்கத்தில் ஒரு கூட்டமாவது நடத்த வேண்டும் என்று அமைப்பாளர்களிடம் கேட்டிருக்கிறேன். தேர்க் கூட்டத்தில் மைக் சத்தம் கேட்குமா என்பது அவர்கள் கவலை.

திரும்பி வந்த மறுநாள் அம்மாவோடு வேலை பார்த்தவர்கள் நாலைந்து பேர் வீட்டுக்கு வந்தார்கள். இன்னும் பணியில் இருப்பவர்கள், எல்லோரும் ஒப்பந்தத்தில். கங்கைத் தண்ணீர்ச் செம்பை ஆளுக்கொன்றாகக் கொடுத்தார் அம்மா. காசியில் என்ன பார்த்தீர்கள் அக்கா என்று கேட்டார்கள். அம்மா விசுவநாதரைச் சொல்லவில்லை, ஆரத்தியைச் சொல்லவில்லை.

"பொம்பளைங்களும் கூட்டறாங்க. குட்டை வெளக்குமாறு. அங்கயும் காண்ட்ராக்ட்டுதான்" என்றார்.